உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

இங்கிலாந்தில் ஒருவர் கழிவு மாற்று நிலையம் நடத்த வேண்டுமென்றால் முதலில் சுற்றுச்சூழல் முகமையிடம் அனுமதி வாங்க வேண்டும். தெருத்தெருவாகச் சுற்றிவரும் சிறிய லாரிகள் குப்பையைக் கொட்டுகிற இடம் அது. கொட்டியதைத் தரம் பார்த்துக் குவித்து, பெரிய வண்டிகளிலோ படகுகளிலோ ஏற்றி, எரிஆலைக்கும் மறுசுழற்சி ஆலைக்கும் நிலநிரப்புக் கிடங்குக்கும் அங்கிருந்து அனுப்புவார்கள். குப்பை அங்கே தங்குவது சில மணி நேரம், மிஞ்சினால் சில நாட்கள். ஆனாலும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய தாள்கள் ஒரு கட்டு சேர்ந்துவிடும். நிலையத்தின் எல்லையைப் பச்சைக் கோட்டால் காட்டும் வரைபடம், தரை வழியே கழிவுநீர் மண்ணில் இறங்காது என்பதற்கான விவரம், வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்ற படம், நிலத்தின் இன்றைய நிலை பற்றிய அறிக்கை, தகுதிச் சான்று பெற்ற மேலாளரின் பெயர், எரியக்கூடிய கழிவு என்றால் தீத் தடுப்புத் திட்டம் என்று பட்டியல் நீளும். குவியல் 4 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, குவியலுக்கும் குவியலுக்கும் இடையே 6 மீட்டர் விட வேண்டும், தீப்பிடித்தால் 4 மணி நேரத்துக்குள் அணைத்துவிட முடியும் என்று காட்ட வேண்டும் என்பது வரை அதில் நுணுக்கம் உண்டு.

இரண்டு நாளில் போய்விடும் குப்பைக்கு இவ்வளவு கேள்வியா என்று விண்ணப்பிப்பவர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குப் பதில் வேண்டுமானால், இந்த அனுமதி முறை உருவான வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும். 1848-லிருந்து இன்றுவரை இங்கிலாந்தின் சட்டம் ஒவ்வொன்றாக ஐந்து கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொண்டது. யார் தொடங்கலாம்? எந்த இடத்தில் தொடங்கலாம்? அங்கே என்னென்ன வந்து சேர்கிறது? நடத்துபவர் எப்படிப்பட்டவர்? கடைசியாக, அவர் எப்போது விலகிப் போகலாம்? இந்த ஐந்தில் மிகத் தாமதமாக வந்தது கடைசிக் கேள்வி. மற்ற நான்குக்கும் உயிர் கொடுப்பது அதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த முறை மோசமாகத் தோற்ற இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் அவை வாசலில் கெடுபிடி காட்டி, வெளியேறும் வழியைத் திறந்து வைத்திருந்த இடங்கள்.

மாற்று நிலையத்தின் முன்னோடி, 19-ஆம் நூற்றாண்டு லண்டனின் சாம்பல் முற்றம். அன்றைய வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி நிலக்கரிச் சாம்பல். லண்டன் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம் என்பதால் செங்கல் சூளைகளுக்கு அந்தச் சாம்பல் தேவைப்பட்டது. பொடிச் சாம்பலைக் களிமண்ணோடு கலந்தார்கள். பாதி எரிந்த கரித்துண்டு சூளைக்கு எரிபொருளானது. தேம்ஸ் கரையிலும் பேடிங்டன் கால்வாய்த் துறையிலும் இருந்த முற்றங்களுக்கு வண்டிகள் வந்து கொட்டிவிட்டுப் போகும். பெண்கள் அந்தக் குவியலின் நடுவே நின்று இரும்புச் சல்லடையால் நாள் முழுக்கச் சலிப்பார்கள். பொடி ஒரு பக்கம், கரித்துண்டு ஒரு பக்கம் பிரியும். எலும்பு சோப்புக் காய்ச்சுபவருக்கு, கந்தல் காகித ஆலைக்கு, பழைய செருப்பு நீலச் சாயம் தயாரிப்பவருக்கு, உடைந்த ஓடும் சிப்பியும் சாலைக்கு அடிப்பரப்பாக என்று ஒவ்வொன்றுக்கும் வாங்குபவர் இருந்தார். 1851-ல் லண்டன் உழைப்பாளிகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்ட ஹென்றி மேஹ்யூ இந்த முற்றங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பிரித்த சாம்பல் படகேறிச் சூளைகளுக்குப் போகும். இங்கே கவனிக்க வேண்டியது பணம் பாய்ந்த திசை. குப்பையை எடுக்கும் உரிமைக்காக அந்தக் காலத்தின் தொடக்கத்தில் ஒப்பந்தக்காரர்தான் ஊர் நிர்வாகத்துக்குப் பணம் கட்டினார். சரக்கு வெளியே போனால்தான் அவருக்குக் காசு. அதனால் முற்றம் தானாகவே காலியாகிக்கொண்டிருந்தது. பின்னால் சாம்பலின் மதிப்பு இறங்கியபோது கதை தலைகீழானது. குப்பையை எடுக்க ஒப்பந்தக்காரர் கூலி கேட்டார். உள்ளே வரும்போது வரவு, வெளியே அனுப்பும்போது செலவு என்றானது. கழிவுத் தொழிலின் ஏறத்தாழ எல்லாச் சிக்கலுக்கும் வேர் இந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. வாங்கி வைத்துக்கொள்வதில் லாபமும் அனுப்பி வைப்பதில் நஷ்டமும் இருக்கிற தொழிலில், யாரும் கட்டாயப்படுத்தாவிட்டால் குப்பை நகராது.

அந்தக் காலச் சட்டம் இதைப் பார்க்கவில்லை. 1848-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் சில தொழில்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது: இரத்தம் காய்ச்சுதல், எலும்பு காய்ச்சுதல், தோல் பதனிடலை ஒட்டிய வேலை, கால்நடை வெட்டுதல், சோப்புக் காய்ச்சுதல், கொழுப்பு உருக்குதல், குடல் வேக வைத்தல். இவற்றைப் புதிதாகத் தொடங்குபவர் உள்ளூர் வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவற்றுக்கு விலக்கு. ‘முதலில் கேட்டுவிட்டுத் தொடங்கு’ என்ற எண்ணம் நாற்றமடிக்கும் தொழில்கள் விஷயத்தில் பொதுச் சட்டமாக வடிவெடுத்தது இங்கேதான். சாம்பல் முற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்து வீட்டார் நாற்றத்தாலும் தூசியாலும் அவதிப்பட்டால் தொல்லை என்று புகார் கொடுக்கலாம்; அதுவும் தொல்லை ஏற்பட்ட பிறகு. 1875-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் குப்பையை அகற்றும் வேலையை உள்ளாட்சிகளின் பொறுப்பில் கொண்டுவந்தது. பொதுச் சுகாதாரத்துக்கு அது பெரிய நன்மை. அதே வேளையில், தொல்லையைத் தட்டிக் கேட்க வேண்டிய அமைப்பே குப்பையைக் கையாளும் அமைப்பாகவும் ஆனது. இந்த இரட்டை வேடத்தின் விலை நூறு ஆண்டு கழித்துத் தெரிந்தது.

‘எந்த இடத்தில்’ என்ற கேள்வியைக் கேட்டது 1947-ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டம். நிலத்தில் குப்பை கொட்டுவதும் நிலப் பயன்பாட்டை மாற்றுவதுதான், அதற்குத் திட்ட அனுமதி வேண்டும் என்று அது வைத்தது. ஆனால் திட்ட அனுமதி நிலத்தைப் பார்த்து ஒரு தடவை கொடுப்பது. நாளை அந்த வாசலில் நுழையப்போகும் லாரியில் என்ன இருக்கும் என்று அது கேட்பதில்லை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் லாரிகளில் வந்ததோ வெறும் சாம்பல் அல்ல. உலோக முலாம் பூசும் பட்டறைகளின் சயனைடு உப்பு, அமிலம், கரைப்பான், எண்ணெய்ச் சேறு எல்லாம் வீட்டுக் குப்பையோடு கலந்து பழைய களிமண் குழிகளுக்குப் போயின. நச்சுக் கழிவை ஆராய 1964-ல் அரசு ஒரு குழு அமைத்தது. அது அறிக்கை கொடுக்க 1970 ஆனது. கொடுத்த பிறகும் சட்டம் எதுவும் உடனே வரவில்லை.

சட்டத்தை வர வைத்தவை சில பீப்பாய்கள். 1972 பிப்ரவரியில் வாரிக்‌ஷயர் மாவட்டத்தின் நனீட்டன் நகரத்துக்கு அருகே, கைவிடப்பட்டுக் கிடந்த நிலத்தில் சயனைடு உப்பு நிறைந்த பீப்பாய்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பிள்ளைகள் வழக்கமாக விளையாடும் இடம் அது. அந்த வட்டாரத்தில் நச்சுக் கழிவு கண்ட இடத்தில் கொட்டப்படுவதாக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். அதுவரை ஆண்டுக்கணக்கில் நகராத நாடாளுமன்றம் இப்போது வாரக்கணக்கில் நகர்ந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் ‘நச்சுக் கழிவுகளைக் கொட்டுதல் சட்டம்’ அரசியின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. சுற்றுச்சூழலுக்கு ஆபத்து விளைவிக்கும்படி நச்சுக் கழிவைக் கொட்டிவிட்டுப் போவது குற்றம் என்றும், அத்தகைய கழிவை அப்புறப்படுத்துவதற்குக் குறைந்தது 3 நாட்களுக்கு முன்னரே உள்ளாட்சிக்கும் ஆற்று ஆணையத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அது விதித்தது. என்ன வருகிறது என்று கேட்டாகிவிட்டது. ஆனால் அறிவிப்பைப் பெற்ற அதிகாரிக்கு முன்கூட்டியே ஓர் இடத்துக்கு நிபந்தனை விதிக்கவோ, உரிமம் கொடுக்கவோ மறுக்கவோ அந்த முறையில் வழி இல்லை. அவசரத்தில் பிறந்த சட்டம் அது. அவசரத்தின் எல்லைகளும் அதில் இருந்தன.

முறையான உரிமம் 1974-ஆம் ஆண்டு மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு வந்தது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1976-ல். அகற்றல் உரிமம் இல்லாமல் வீட்டுக் கழிவையோ வணிக, தொழிற்சாலைக் கழிவையோ கொட்டக் கூடாது என்பது இதிலிருந்துதான் நாடு முழுவதற்கும் விதியானது. காகிதத்தில் பார்த்தால் பெரிய முன்னேற்றம். உள்ளே மூன்று ஓட்டைகள் இருந்தன. முதலாவது, திட்ட அனுமதி பெற்ற ஒருவருக்கு உரிமம் மறுக்க வேண்டுமானால், நீர் மாசுபடும் அல்லது மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்ற காரணம் இருந்தாக வேண்டும். விண்ணப்பிப்பவர் முன்பு எத்தனை இடங்களைக் கெடுத்தவர் என்பது கணக்கில் வராது. இரண்டாவது, உரிமம் கொடுத்த கழிவு அகற்றல் ஆணையம் இங்கிலாந்தில் பெரும்பாலும் மாவட்ட மன்றமே. அந்த மன்றமே கிடங்குகளையும் நடத்தியது. தன் கிடங்கைத் தானே சோதிக்கும் அதிகாரியிடம் தனியார் கிடங்குக்காரர் மரியாதை வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம். உரிமம் வேண்டாம் என்று நினைத்தவர் அதை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்த நாளோடு நிபந்தனைகள் முடிந்தன. நிலத்துக்குள் இருந்த கழிவு மட்டும் அங்கேயே இருந்தது.

மாற்று நிலையங்களுக்கு இந்தச் சட்டத்தில் இன்னொரு சந்தேகமும் இருந்தது. கழிவு தன் கடைசி இடத்தை அடையும்போதுதான் ‘கொட்டப்பட்டது’ ஆகும் என்று ஓர் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வியாக்கியானம் செய்தது. அப்படிப் பார்த்தால், அடுத்த லாரிக்காகக் காத்துக் கிடக்கும் குவியல் கொட்டப்பட்டதே ஆகாது. அதை வைத்திருப்பவரும் உரிமச் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவலாம். லண்டன் கழிவு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த வழக்கில் 1993-ல் நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்க மறுத்தது. தற்காலிகமாக இறக்கி வைப்பதும் கொட்டுவதுதான் என்று தீர்த்தது. சின்னச் சட்ட நுணுக்கம் போலத் தோன்றும் இந்தத் தீர்ப்பு மாற்று நிலையத்தின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ‘இது இங்கே தங்கப் போவதில்லை’ என்ற சொல்லே பொறுப்பிலிருந்து தப்பிக்கும் வாசலாக இருந்ததை அது அடைத்தது. 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவாக, கழிவை வைத்திருப்பதையே உரிமத்துக்கு உட்பட்ட செயலாகச் சொன்னது.

வெளியேறும் வழி திறந்திருப்பதன் ஆபத்தைக் காட்டிய நிகழ்வு, டெர்பிஷயரின் லாஸ்கோ கிராமத்தில் நடந்தது. அங்கே செங்கல்லுக்காகக் களிமண் எடுத்த பழைய குழியில் வீட்டுக் குப்பை நிரப்பப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் அந்தக் கிடங்கு மூடப்பட்டது. மூடிய பிறகும் உள்ளே அழுகல் நடந்துகொண்டிருந்தது. மீத்தேன் பாறை இடுக்குகள் வழியே பக்கத்து வீடுகளை நோக்கி ஊர்ந்தது. 1986 மார்ச் 24 அதிகாலையில், காற்றழுத்தம் வேகமாக இறங்கிய வேளையில், ஒரு வீட்டின் தரைக்கு அடியில் வாயு சேர்ந்து வெடித்தது. வீடு தரைமட்டமானது, உள்ளே இருந்த மூவரும் படுகாயமடைந்தார்கள். கிடங்கு இயங்கிய காலத்தில் யாரும் காணாத ஆபத்து, அது ஓய்ந்த பிறகு வந்து சேர்ந்தது. உரிமத்தின் ஆயுள் வாசல் திறந்திருக்கும் காலம் மட்டும்தான் என்று வைத்திருந்த சட்டத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

1989-ல் மக்களவையின் சுற்றுச்சூழல் குழு நச்சுக் கழிவு பற்றி வெளியிட்ட அறிக்கை நடைமுறையில் இருந்த சட்டத்தையும் அதைச் செயல்படுத்தியவர்களையும் கடுமையாகக் கண்டித்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் மூன்று ஓட்டைகளையும் ஒருசேர அடைக்கப் பார்த்தது. கிடங்கு நடத்தும் வேலையும் ஒழுங்குபடுத்தும் வேலையும் பிரிக்கப்பட்டன. உரிமம் கேட்பவர் தகுதியுள்ளவர்தானா என்று பார்ப்பது கட்டாயமானது: கழிவுக் குற்றங்களில் தண்டனை பெற்றவரா, நிலையத்தைத் தொழில்நுட்பத் தேர்ச்சியுள்ள ஒருவர் நடத்துவாரா, நிபந்தனைகளை நிறைவேற்றப் பண வசதி உண்டா. கழிவைக் கைமாற்றும் ஒவ்வொருவருக்கும் கவனக் கடமை வந்தது. 1992 முதல் கைமாறும் கழிவோடு அதன் விவரச் சீட்டும் கைமாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கே அனுமதி வாங்க வேண்டும் என்றானது. நிலத்தால் மாசோ உடல்நலக் கேடோ வராது என்று அதிகாரிக்கு நிறைவு ஏற்பட்டால்தான் உரிமதாரர் விடுபடலாம். இந்த விதிகள் 1994 மே மாதம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே பலர் அவசரம் அவசரமாக உரிமங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். எந்த நிபந்தனை உண்மையில் கனமானது என்பதை அந்த அவசரமே சொல்லிவிட்டது. தரை, வடிகால், வேலி பற்றிய நிபந்தனைகளுக்கு அஞ்சி யாரும் தொழிலை விட்டு ஓடவில்லை. பொறுப்பு முடியாது என்ற நிபந்தனை வந்தபோதுதான் ஓடினார்கள்.

1996-ல் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. ஏப்ரலில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 83 கழிவு ஒழுங்குமுறை ஆணையங்களும், ஆறுகள் ஆணையமும், மாசு ஆய்வு அமைப்பும் ஒன்றாகிச் சுற்றுச்சூழல் முகமை பிறந்தது. அக்டோபரில் நிலநிரப்பு வரி வந்தது. சாதாரணக் கழிவுக்கு டன்னுக்கு 7 பவுண்டில் தொடங்கிய வரி 2014-ல் 80 பவுண்டாக உயர்ந்தது. குழியில் கொட்டுவது விலையேறியதால், பிரிப்பதும் திரட்டுவதும் தொலைவில் உள்ள ஆலைக்கு அனுப்புவதும் லாபமாயின. மாற்று நிலையங்களின் காலம் பிறந்தது. தேம்ஸ் கரையில் பாட்டர்சியை ஒட்டிய கிரிங்கிள் துறையிலும், லண்டன் நகரின் வால்புரூக் துறையிலும் இன்றும் குப்பை பெட்டகங்களில் அடைக்கப்பட்டுப் படகேறுகிறது. முன்பு அவை எசெக்ஸின் மக்கிங் கிடங்குக்குப் போயின. இப்போது பெல்வெடியர் எரிஆலைக்குப் போகின்றன. வரியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளியே அனுப்பும் செலவு எவ்வளவு உயர்கிறதோ, அவ்வளவுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் ஆசையும் உயரும். டன்னுக்கு இவ்வளவு என்று வாசலிலேயே காசு வாங்கிக்கொண்டு, குப்பையைக் குவித்துவிட்டு, நிறுவனத்தைத் திவாலாக்கிவிட்டுப் போகிறவருக்கு அந்த வரி ஒரு வாய்ப்பு. 1999-ல் செல்டிக் எக்ஸ்டிராக்‌ஷன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கழிவு உரிமமும் ஒரு சொத்துதான், திவாலான நிறுவனத்தின் கலைப்பாளர் சுமை தரும் மற்ற சொத்துகளைப் போல அதையும் துறந்துவிடலாம் என்று தீர்ப்பளித்தது. 1994-ல் அடைத்த வாசல், திவால் சட்டத்தின் வழியே இப்படி மீண்டும் திறந்துகொண்டது.

2008 ஏப்ரல் முதல் கழிவு உரிமமும் தொழிற்சாலை மாசு அனுமதியும் ஒன்றாக்கப்பட்டு இன்றைய சுற்றுச்சூழல் அனுமதி ஆனது. மாற்று நிலையத்தில் குப்பை நிலைப்பதில்லை, ஆகவே அதற்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை என்ற வாதத்தை இங்கேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘சில நாளில் போய்விடும்’ என்பது நிலையத்தின் கையில் மட்டும் இருக்கும் வாக்குறுதி அல்ல. வாங்கும் ஆலை நின்றுவிட்டால், பழைய பிளாஸ்டிக்கின் விலை சரிந்தால், 2018-ல் சீனா செய்ததுபோல இறக்குமதி செய்த நாடு கதவை மூடினால், குப்பை அங்கேயே நிற்கும். நின்ற குவியல் என்ன செய்யும் என்பதை 2013 கோடையில் பர்மிங்காமை அடுத்த ஸ்மெதிக்கில் பார்த்தார்கள். மறுசுழற்சிக்காகக் காத்துக் கிடந்த சுமார் 1,00,000 டன் பிளாஸ்டிக், காகிதம் மீது வானில் பறக்கவிட்ட ஒரு காகித விளக்கு வந்து விழுந்தது. 200-க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராட வேண்டியிருந்தது. அது மாற்று நிலையம் அல்ல, மறுசுழற்சிச் சேமிப்புத் தளம். ஆனால் கற்பித்த பாடம் இரண்டுக்கும் ஒன்றே. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த 4 மீட்டர், 6 மீட்டர், 4 மணி நேரம் என்ற அளவுகள் இத்தகைய தீ விபத்துகளுக்குப் பிறகே கண்டிப்பாயின.

சிறு தொழில்காரரை இது நசுக்குகிறது என்பது அடுத்த ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு ஆலோசகரும் வழக்கறிஞரும் உண்டு. பழைய இரும்பும் கட்டட இடிபாடும் எடுக்கும் குடும்பத் தொழிலுக்கு அந்த வசதி இல்லை. இதற்கு இங்கிலாந்து கண்ட வழி ஓரளவு நல்லது. ஆண்டுக்கு இத்தனை டன், மூடிய கட்டடம், நீர் இறங்காத தரை, இன்ன ஆற்றிலிருந்தும் காப்பிடத்திலிருந்தும் இவ்வளவு தொலைவு என்று முன்கூட்டியே விதிகளை அச்சிட்டு வைத்து, அவற்றுக்குள் அடங்குபவருக்குப் பொது விதி அனுமதி கொடுத்துவிடுவது. அடங்காதவருக்கு மட்டும் தனி ஆய்வு. மிகச் சிறிய செயல்களுக்குப் பதிவு செய்தால் போதும் என்ற விலக்கும் உண்டு. தொடங்குவதை எளிதாக்குவதில் தவறில்லை. ஆனால் எந்தச் சலுகையும் கடைசிக் கேள்வியைத் தொடக் கூடாது. சிறிய நிலையம் விட்டுச்செல்லும் குவியலும் பக்கத்து வீட்டாருக்குப் பெரிய குவியல்தான்.

அனுமதி கேட்காமலே கொட்டுபவரை இந்த முறை என்ன செய்யும் என்பது எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம். கென்ட்டின் ஹோட்ஸ் வனம் அரசு பாதுகாப்புப் பெற்ற பழங்காடு. அங்கே 2023-ல் சுமார் 30,000 டன் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. அதைக் கொட்டியவர்கள் எந்தப் பச்சைக் கோட்டு வரைபடமும் கொடுக்கவில்லை. இதை வைத்து, விதிகளைக் கடுமையாக்கியதால்தான் குற்றம் பெருகியது, ஆகவே தளர்த்த வேண்டும் என்பவர்கள் உண்டு. அவர்கள் நனீட்டனை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பீப்பாய்கள் உரிமமே இல்லாத காலத்தில் வந்தவை. விதி இல்லாததால் குற்றம் இல்லாமல் போகவில்லை. பிடிப்பதற்குப் பெயரும் சீட்டும் இல்லாமல் போயிற்று. இன்று 30,000 டன் காட்டுக்குள் போயிருக்கிறதென்றால், அத்தனை டன்னும் எங்கோ ஒரு வாசலிலிருந்து, யாரோ காசு கொடுத்து வெளியேற்றியவை. கைமாறும் இடம்தோறும் சீட்டு உண்மையானதா என்று சோதிக்க ஆள் இருந்தால் அந்தப் பாதையைப் பின்னோக்கிப் பிடிக்க முடியும். ஆகவே இந்த ஆட்சேபம் உண்மையில் ஆய்வாளர்களின் போதாமையைச் சுட்டுகிறது. அனுமதித் தாளை எவ்வளவு கனமாக்கினாலும், நேரில் போய்ப் பார்க்கும் அதிகாரியின் வேலையை அது செய்யாது.

இந்த வரலாற்றுக்கு நம் ஊரோடும் நேர் உறவு இருக்கிறது. பிரிட்டனின் 1951-ஆம் ஆண்டு ஆற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் இருந்ததைப் போன்ற ஒப்புதல் முறையே இந்தியாவின் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்திலும் இடம்பெற்றது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 முதல் வழங்கும் இசைவாணையின் அடிப்படை அது. குப்பைக்கென்று தனி விதிகள் வர, 1996-ல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு வேண்டியிருந்தது. 2000-ல் நகராட்சித் திடக்கழிவு விதிகளும் 2016-ல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகளும் வந்தன. நடத்துபவர் உள்ளாட்சி, அங்கீகாரம் கொடுப்பவர் வாரியம் என்ற பிரிவினை நம்மிடம் காகிதத்தில் தெளிவாகவே இருக்கிறது. மூடிய நிலநிரப்புக் கிடங்கைக் குறைந்தது 15 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு விதிகளே சொல்லின. ஆனால் பெருங்குடியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே பல ஆண்டுகளாகக் குப்பை குவிந்தது. 2022 ஏப்ரலில் அது பல நாட்கள் எரிந்தது. அதே ஆண்டு அந்தச் சதுப்பு நிலம் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இப்போது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை பொதுப் பணத்தில் நடக்கிறது. வெளியேறும் நாளைப் பற்றிக் கேட்காமல் தொடங்கியதற்கு அடுத்த தலைமுறை கொடுக்கும் விலை இது. இங்கிலாந்து 1986-ல் கற்றதை நாமும் நம் செலவிலேயே கற்றோம்.

ஆகவே, புதிய மாற்று நிலையத்துக்கான அனுமதி எங்கே பரிசீலிக்கப்பட்டாலும், அது இங்கிலாந்தின் ஒரு தொழிற்பேட்டையாக இருந்தாலும் தமிழ்நாட்டின் ஒரு பேரூராட்சியாக இருந்தாலும், கேட்க வேண்டிய முதல் கேள்வி கடைசிக் கேள்விதான். வெளியே அனுப்ப வழியில்லாமல் போனால் இந்த இடத்தைக் காலி செய்யும் செலவு யாருடையது, அந்தப் பணம் இன்றே எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? நிலநிரப்புக் கிடங்கு நடத்துபவர் மூடலுக்கும் பின்பராமரிப்புக்கும் வேண்டிய பண ஏற்பாட்டை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று இங்கிலாந்தின் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மாற்று நிலையத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாம்பல் முற்றத்தின் காலத்தில் சரக்கை வெளியேற்றியது சந்தை. அந்தச் சந்தை போய்விட்டது. அதன் இடத்தைச் சட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுக் குவியலை அகற்ற எவ்வளவு ஆகுமோ அவ்வளவை, திவாலானாலும் கலைப்பாளர் கை வைக்க முடியாதபடி, தொடங்கும் நாளிலேயே பிணையாகப் பெறுவது மட்டுமே 1999-ல் திறந்த வாசலை அடைக்கும். அப்படிப் பிணை கட்டியவரிடம் மற்ற தாள்களைக் குறைத்துக் கேட்கலாம். குவியலைக் குறைவாக வைத்திருப்பது அவருக்கே லாபமாகிவிடும். பிணை இல்லாத அனுமதி எத்தனை பக்கம் நீண்டாலும், நடத்துபவர் நல்லவராக இருப்பார் என்ற நம்பிக்கையைத்தான் அது சார்ந்திருக்கும். அந்த நம்பிக்கை பொய்க்கும் இடங்களில் இழப்பைச் சுமப்பவர்கள் அனுமதி கேட்டவரோ கொடுத்தவரோ அல்லர். அந்த வேலிக்கு அப்பால் குடியிருப்பவர்கள்.